நம் கையால் ஓர் ஆகாய விமானம்

(வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசும்படி நம்மைக் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவதென்பதை நம்மிடமே விட்டுவிட்டார்கள். வழக்கமாக இம்மாதிரிக் கூட்டங்களில் பேசப்படும் விஷயங்களை நீங்கள் அநேகந்தரம் கேட்டிருக்கிறீர்கள். ஆகையால் இன்று ஒரு பொம்மையைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறோம். பொம்மை என்றால் படியில் அடுக்கி வைத்து வேடிக்கை பார்க்கும் பொம்மை அல்ல. தரையில் நிற்பவன் ரேடியோ மூலம் அனுப்பும் கட்டளைப்படி ஆகாயத்தில் ஏறி, திரும்பி, இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற சின்ன ஆகாய விமானம். அதைக் கடையில் விலைக்கு வாங்குவதைப் பற்றியும் நாம் பேசவரவில்லை. தானே கணக்குப் போட்டு, தானே படம் வரைந்து, தானே அறுத்து, ஒட்டி, பறக்க விடுகிறானே, அந்தக் காரியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், “வயிற்றுக்கு வழி தேடுகிற நமக்கு ஆகாயத்தில் என்ன வேலை? இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டல்லவா?” என்று நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு நாம் பதில் சொல்லாமல் போகப் போவதில்லை. ஆனால் முதலில் சங்கதி இன்னதென்று தெரிந்துகொண்டு, பிறகு அது யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை முடிவு செய்யலாம்.

பறப்பதற்குக் காரணம்

பறவை பறப்பதை மனிதன் ஆதிகாலந்தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதைப் போலவே கையில் இறகைக் கட்டிக்கொண்டு அடித்துப் பார்த்தார்கள், விழுந்தார்கள். “ஏன் விழுந்தோம்?” என்று பிரித்துப் பார்த்தவர் வெகு சிலரே. அவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்து தேசத்து ஜார்ஜ் கேலி. தூக்குவது ஒரு வேலை, முன்னே தள்ளுவது வேறு வேலை. பறவை இரண்டையும் ஒரே இறக்கையால் செய்கிறதென்பதற்காக நாமும் அப்படியே செய்யவேண்டுமென்ற கட்டாயமில்லை என்று அவர் கண்டார். அசையாத இறக்கை தூக்கட்டும், தள்ளுவதற்கு வேறு கருவி இருக்கட்டும் என்று 1799இல் ஒரு வெள்ளித் தகட்டில் படமாகச் செதுக்கி வைத்தார். 1804இல் ஒரு கொம்பின் மேல் பட்டத்தை இறக்கையாகப் பொருத்தி, பின்னால் திருப்பக்கூடிய வாலும் வைத்து, ஒரு சிறு மாதிரியைச் செய்து மிதக்க விட்டார். இன்று நம் தலைக்கு மேல் பறக்கும் பெரிய விமானங்களின் உருவம், அதாவது முன்னே இறக்கை, பின்னே வால் என்கிற உருவம், அந்தப் பொம்மையில் அடங்கியிருந்தது.

அதன் பிறகு பிரான்சு தேசத்தில் அல்போன்ஸ் பெனோ என்கிற 21 வயது வாலிபர், இடுப்பு நோயினால் கடற்படையில் சேர முடியாமல் போனவர், முறுக்கிய ரப்பரைக் கொண்டு விசிறியைச் சுழலச் செய்து, 1871 ஆகஸ்டு 18ந் தேதி பாரிஸ் நகரத்துத் தோட்டமொன்றில் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 வினாடியில் சுமார் 40 மீட்டர் தூரம் பறந்தது. அதை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. தானே நிலை தவறாமல் போயிற்று. மனிதனைச் சுமக்கும் விமானம் வருவதற்கு 32 வருஷத்துக்கு முன்பே, பறப்பின் இரகசியத்தில் பாதி ஒரு பொம்மையில் வெளிப்பட்டுவிட்டது.

அந்த இரகசியம் என்ன? மந்திரம் ஒன்றுமில்லை. நம் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். பட்டம் காற்றுக்குச் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. எதிரே வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி விடுகிறது. காற்றைக் கீழே தள்ளுவதால் பட்டம் மேலே தள்ளப்படுகிறது. இறக்கையும் அதைத்தான் செய்கிறது. பட்டத்துக்குக் காற்று தானே வருகிறது; விமானம் விசிறியின் பலத்தால் தான் ஓடி, காற்றைத் தேடிக்கொள்ளுகிறது. அவ்வளவே வித்தியாசம்.

கணக்கு

ஆகவே ஒரு விமானத்தில் நான்கு சக்திகள் உண்டு. எடை கீழே இழுக்கிறது. இறக்கை மேலே தூக்குகிறது. விசிறி முன்னே இழுக்கிறது. காற்று பின்னே தடுக்கிறது. நேராகவும் ஒரே வேகத்திலும் பறக்கும்போது மேலும் கீழும் சரி, முன்னும் பின்னும் சரி. எந்த இரண்டில் சமன் தவறினாலும் விமானம் அதை உடனே காட்டிவிடும். முகதாட்சண்யம் பார்க்காது.

ஒரு விமானத்தைப் புதிதாகத் திட்டமிடுகிறவன் முதலில் படம் வரையக்கூடாது, எடையை எழுதவேண்டும். உதாரணமாக, இரு கையளவுக்கும் கொஞ்சம் குறைவாக, 120 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இறக்கையை வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர். மோட்டார், பாட்டரி, ரேடியோ வாங்கி, பலகை, பசை எல்லாம் சேர்ந்து மொத்த எடை 720 கிராம் என்று வைத்தால், 100 சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் சுமை. இந்த அளவு கற்றுக்கொள்ளுகிறவனுக்கு ஏற்றது. இப்படிப்பட்ட விமானம் மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் தாங்காது, விழும். அதாவது ஒருவன் சைக்கிளை வேகமாக மிதிக்கிற வேகம். “இன்னும் பலமாக இருக்கட்டும்” என்று கனமான பலகையைப் போட்டு எடையை இரட்டிப்பாக்கிவிட்டால், அது விழாமலிருக்க மணிக்கு 33 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஏனெனில் வேகம் இரட்டித்தால் தூக்கும் சக்தி நாலு மடங்காகிறது. ஆகையால் இரட்டிப்பு எடைக்குச் சுமார் 1.4 மடங்கு வேகம் தேவைப்படுகிறது. வேகம் கூடினால் இறங்குவது கஷ்டம். தரையில் மோதினால் அடியும் பலம். பலத்துக்காகப் போட்ட கனமே அதை உடைக்கும். இதனால்தான் இந்த வேலை செய்கிறவர்கள் கையில் உளி இருக்கிறதோ இல்லையோ, பக்கத்தில் ஒரு தராசு இருக்கும்.

அடுத்தது நிலை. விமானத்தின் எடையெல்லாம் எந்த இடத்தில் சமனாகிறதோ, அந்த இடம் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பாகம் முதல் மூன்றிலொரு பாகத்துக்குள் விழவேண்டும். நாம் சொன்ன 20 சென்டிமீட்டர் இறக்கையில் அது முன் விளிம்பிலிருந்து 5 முதல் ஆறரை சென்டிமீட்டருக்குள். இரண்டு பக்க இறக்கையின் கீழும் அந்த இடத்தில் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்கினால், விமானம் மூக்கைத் தொங்கவிடாமலும் வாலைத் தொங்கவிடாமலும் நிற்கவேண்டும். மூக்கு கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும். வால் கனத்த விமானம் ஒரே ஒருதரம்தான் பறக்கும். பாட்டரியை இரண்டு அங்குலம் முன்னே தள்ளி வைத்தால் தீருகிற குற்றத்துக்காக ஒரு மாதத்து உழைப்பை மண்ணில் கொட்டியவர்கள் உலகமெங்கும் உண்டு.

வால் எதற்கு? தராசின் நீண்ட கையில் வைத்த சிறு படிக்கல், குட்டைக் கையிலுள்ள பெரிய கல்லைச் சமன் செய்வது போல, தூரத்திலுள்ள சிறு வால் பெரிய இறக்கையைக் கட்டுப்படுத்துகிறது. இறக்கைப் பரப்பில் ஐந்திலொரு பாகம், அதாவது நம் உதாரணத்தில் 480 சதுர சென்டிமீட்டர், படுக்கை வாலுக்குப் போதும். அது இறக்கையிலிருந்து 50 முதல் 60 சென்டிமீட்டர் பின்னே இருக்கவேண்டும். நிற்கும் வாலுக்கு 200 சதுர சென்டிமீட்டர் போதும். இறக்கையின் இரு முனைகளையும் சற்று மேலே தூக்கி வைத்தால், ஒரு பக்கம் சாய்ந்தாலும் விமானம் தானாக நிமிரப் பார்க்கும். இவற்றில் எதுவும் யாரோ ஒருவர் சொல்லி வைத்துப்போனதற்காக நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு தபால் கார்டை வெட்டி, மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டி, வீட்டுக்குள்ளேயே எறிந்து பார்க்கலாம். களிமண்ணைக் கூட்டியும் குறைத்தும் எறிந்தால் ஒரு மணி நேரத்தில் நாம் சொன்னதெல்லாம் மெய்யா பொய்யா என்று தெரிந்து போகும்.

கம்பியில்லாக் கட்டளை

இனி ரேடியோ. 1898இல் நிக்கோலா டெஸ்லா என்பவர் நியூயார்க் நகரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் சிறு படகை விட்டு, கம்பியில்லாமலே அதைத் திருப்பிக் காட்டினார். படகில் செய்ததை விமானத்தில் செய்வது சுலபமாயிருக்கவில்லை. படகு கனத்தைத் தாங்கும், விமானம் தாங்காது. அந்தக் காலத்து ரேடியோவில் கண்ணாடிக் குழல்களும் கனமான பாட்டரிகளும் வேண்டியிருந்தன.

1937இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துக் கலாமசூ என்னும் ஊரில், வால்டர் குட், வில்லியம் குட் என்கிற இரட்டைச் சகோதரர்கள் இதைச் சாதித்தார்கள். ஒருவர் விமானம் செய்தார். மற்றவர் ரேடியோ செய்தார். அதில் இன்றுள்ளது போல வேண்டிய அளவுக்குத் திருப்புகிற வசதியில்லை. தரையிலிருந்து ஒரு குறிப்புப் போனால், முறுக்கி வைத்த ரப்பர் ஒரு பல் விட்டுக் கொடுக்கும். சுக்கான் ஒரு பக்கம் திரும்பும். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே விமானத்தைச் சுற்றி வரச் செய்து போட்டிகளில் வென்றார்கள். அந்த விமானம் 1960இல் அந்த நாட்டு ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குக் கொடுக்கப்பட்டது.

இன்று அந்த வேலையைத் தீப்பெட்டியிலும் சிறிதான ‘சர்வோ’ என்கிற கருவி செய்கிறது. அதற்குள் ஒரு சிறு மோட்டாரும் பற்சக்கரங்களும் இருக்கின்றன. தரையிலிருந்து வரும் கட்டளை, வினாடிக்குச் சுமார் 50 மின் துடிப்புகளாக அதற்குப் போகிறது. துடிப்பு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்றரை பாகம் நீடித்தால் சுக்கான் நடுவில் நிற்கும். ஒரு பாகமானால் ஒரு கோடிக்கும், இரண்டு பாகமானால் மறு கோடிக்கும் போகும். முன்பெல்லாம் ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால் ஒருவன் விமானம் விழும். இப்பொழுதுள்ள கருவிகள் தங்களுக்குள் ஒரு எண்ணை அடையாளம் வைத்துக்கொண்டு, அலைவரிசையை மாற்றி மாற்றிப் பேசிக்கொள்ளுவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

கண் தெரியாத கிழவரின் விமானம்

தோழர்களே! இதுவரை சொன்னது அளவும் முறையும். இந்த அளவையும் முறையையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்தார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியது அவசியமாகும்.

அமெரிக்காவில் மேனார்ட் ஹில் என்று ஒருவர் இருந்தார். 1926இல் பிறந்தவர். உலோக ஆராய்ச்சி அவர் தொழில். சிறு விமானம் அவர் பிரியம். 1970இல் ரேடியோ விமானமொன்றை 8,200 மீட்டர் உயரம் வரை ஏற்றிச் சாதனை செய்தவர். வயதானபின் அவருக்குக் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. காதும் சரியாகக் கேளாது. நம்மவர்களாயிருந்தால், “இனி திண்ணையில் சும்மா உட்கார்ந்திரு” என்று சொல்லியிருப்பார்கள். அவரோ, 5 கிலோவுக்கு உட்பட்ட ஒரு சிறு விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டவேண்டுமென்று உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

5 கிலோ என்பது ஏன்? சர்வதேச ஆகாய விளையாட்டுச் சங்கம் சிறு விமானச் சாதனைக்கு வைத்த எல்லை அது. அதற்குள் எல்லாம் அடங்கவேண்டும். சமுத்திரமோ கானடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து அயர்லாந்து வரை 3,000 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் வேண்டும். எரிபொருளைக் கூட்டினால் விமானத்தின் உடலைக் குறைக்கவேண்டும். உடலைக் குறைத்தால் காற்றில் ஒடியும். இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் முழு வேலையும்.

அவர் பால்சா என்கிற, தக்கை போல இலேசான மரத்தைக் கொண்டு உடலைச் செய்தார். இறக்கையின் நீளம் நம் ஆள் உயரந்தான், சுமார் 1.8 மீட்டர். எரிபொருள் இல்லாமல் விமானத்தின் எடை, யந்திரம் உட்பட, 2.7 கிலோ. மீதி இரண்டேகால் கிலோவும் எரிபொருள். அதாவது ஏறக்குறையப் பாதி எடை குடித்துத் தீர்க்கவேண்டிய எண்ணெய். யந்திரம் 10 கன சென்டிமீட்டர் அளவுள்ளது. எரிபொருள், முகாம்களில் ஏற்றுகிற விளக்குக்கு ஊற்றும் சுத்தமான பெட்ரோல். மணிக்கு 60 கிராமுக்கு மேல் குடிக்காதபடி அந்த யந்திரத்தை அவர் பழக்கினார். இதற்கே எத்தனையோ நாட்கள் ஓட்டி ஓட்டி அளந்து பார்க்கவேண்டியிருந்தது.

சமுத்திரத்தின் நடுவே விமானத்தைப் பார்க்கிறவர் யார்? ரேடியோ பெட்டியைக் கையில் வைத்திருப்பவன் கண்ணுக்கெட்டும் தூரம்வரைதான் ஓட்ட முடியும். ஆகையால் புறப்படும்போதும் இறங்கும்போதும் மனிதன் ஓட்டுவது, நடுவே செயற்கைக் கோள்களைக் கொண்டு தான் இருக்குமிடத்தை அறிந்து தானே திசையைத் திருத்திக்கொள்ளும் கருவி ஓட்டுவது என்று ஏற்பாடு செய்தார்.

உடனே வெற்றி கிட்டிற்றா? இல்லை. 2002 ஆகஸ்டில் மூன்று விமானங்களை விட்டார்கள். மூன்றும் போயின. நம் நாட்டில் ஒரு காரியத்தில் மூன்றுதரம் தோற்றால் என்ன சொல்லுவார்கள்? நேரம் சரியில்லை என்பார்கள். புறப்பட்ட திசை சரியில்லை என்பார்கள். எதிரே வந்தவன் யாரென்று கேட்பார்கள். அந்தக் கிழவரும் அவருடைய தோழர்களும் அப்படி எதையும் தேடவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடியும் வேலையில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் நாலாவது விமானத்தை விட்டார்கள். அதுவும் கடலில் போயிற்று. நாலு விமானம் போனபின், 2003 ஆகஸ்டு 9ந் தேதி மாலை, நியூபவுண்ட்லாந்தில் ஸ்பியர் முனை என்னும் இடத்தில், 77 வயதுள்ள அந்தக் கிழவர் ஐந்தாவது விமானத்தைத் தம் கையாலேயே காற்றில் எறிந்தார்.

அது இரண்டு இரவும், ஒரு பகலும், மறு பகலில் பாதியும் பறந்தது. ஆகஸ்டு 11ந் தேதி பிற்பகல் அயர்லாந்து தேசத்துக் கிளிப்டன் நகரத்துக்கு அருகே கரையில் காத்திருந்தவர்கள் கண்ணுக்கு ஒரு சிறு புள்ளி தெரிந்தது. டேவ் பிரவுன் என்கிற தோழர் ரேடியோ மூலம் அதைத் தம் வசப்படுத்தி இறக்கினார். பறந்த நேரம் 38 மணி 52 நிமிஷம். தூரம் சுமார் 3,030 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர். அது குடித்த எண்ணெயைப் படிக்கணக்கில் சொன்னால், ஒரு லிட்டருக்கு 900 கிலோமீட்டருக்கும் மேல்! கரையிறங்கிய செய்தி கேட்டு அந்தக் கிழவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. அவர் 2011இல் காலமானார்.

அந்த விமானத்துக்கு ‘ஸ்பிரிட் ஆப் பட்ஸ் பார்ம்’ என்று பெயர் வைத்தார்கள். சோதனைகள் நடத்துவதற்குத் தம் நிலத்தைக் கொடுத்த பண்ணைக்காரரின் பெயர் அது. ‘ஸ்பிரிட்’ என்றவுடன் பேய் பிசாசு என்று பயந்துவிடாதீர்கள்; இங்கே அதற்கு ஊக்கம் என்றே பொருள். பறந்த வழியும் காரணத்தோடு தேர்ந்தெடுத்ததுதான். 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்கிற இருவர், மனிதர் ஏறிய விமானத்தில் முதன் முதல் நில்லாமல் அட்லாண்டிக்கைத் தாண்டியது இதே நியூபவுண்ட்லாந்திலிருந்து இதே கிளிப்டனுக்குத்தான்.

ஏட்டு விமானம்

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போவது சரியல்ல. விமானம் என்ற பேச்சை எடுத்தவுடன், “இதெல்லாம் எங்கள் முன்னோர்கள் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாலேயே செய்துவிட்டார்கள்; ஏட்டிலே இருக்கிறது” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அதற்கு அவர்கள் காட்டுவது ‘வைமானிக சாஸ்திரம்’ என்கிற புஸ்தகம். நல்லது, விமானமென்றால் கணக்குக்கு உட்பட்டதுதானே? பார்த்துவிடலாம். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் அந்தப் புஸ்தகத்தையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, வசவு ஒன்றும் பேசாமல், நாம் மேலே சொன்ன மாதிரி எடை, தூக்கும் சக்தி, நிலை என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு 1974இல் வெளியிட்டார்கள். அந்த விமானங்களில் ஒன்றாவது பறக்கத் தக்கதல்ல என்பதும், அந்தப் புஸ்தகம் 1904க்கு முன் எழுதப்பட்டதாக இருக்க முடியாதென்பதும் அவர்கள் கண்ட முடிவு.

நாம் கேட்பது இதுதான். முன்னோர் பெருமை பேசுகிறவர் ஒருவராவது அந்தப் படத்தைப் பார்த்து ஒரு முழ நீளத்தில் ஒரு மாதிரியைச் செய்து பறக்கவிட்டுக் காட்டினாரா? கேலி காட்டினார். பெனோ காட்டினார். கண் தெரியாத கிழவர் காட்டினார். ஏட்டில் எழுதியதைப் பறக்கவிட்டுப் பார்த்தால் தெரிந்து போகும்.

அச்சில் இருப்பதெல்லாம் சரியென்று நம்புவது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதியுமல்ல. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1901இல் தாங்கள் செய்த இறக்கை, அச்சிட்ட அட்டவணைகள் சொன்ன அளவுக்குத் தூக்கவில்லை என்று கண்டார்கள். எழுதியவர்கள் பெரியவர்கள், நாம் சைக்கிள் கடைக்காரர்கள் என்று அடங்கிப் போனார்களா? இல்லை. ஒரு மரப்பெட்டியில் விசிறி வைத்துக் காற்றடிக்கச் செய்து, அதற்குள் சிறு சிறு இறக்கை மாதிரிகளை வைத்து, 200 உருவங்கள்வரை தாங்களே அளந்து புது அட்டவணை போட்டார்கள். 1903 டிசம்பர் 17ந் தேதி பறந்தார்கள்.

கையும் மூளையும்

இப்பொழுது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இது நமக்கு எதற்கு?

நம் நாட்டில் வெகு காலமாக ஒரு ஏற்பாடு இருந்து வந்திருக்கிறது. படிக்கிறவன் கையால் ஒன்றும் செய்யக்கூடாது. செய்தால் அவன் யோக்கியதைக்குக் குறைவு. கையால் செய்கிறவன் படிக்கக்கூடாது. படித்தால் அது அதிகப் பிரசங்கித்தனம். மரம் இழைக்கிறவனுக்கு மரம் எங்கே ஒடியும் என்று தெரியும். அதைக் கணக்கில் எழுதத் தெரியாதபடி செய்தார்கள். கணக்குத் தெரிந்தவனுக்கு உளி பிடிக்கத் தெரியாது. தெரியாததைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டான். இப்படிக் கை ஒரு ஜாதியிலும் மூளை ஒரு ஜாதியிலும் இருந்தால், அந்தத் தேசத்தில் விமானம் எங்கே பிறக்கும்? ஏட்டில்தான் பிறக்கும்.

ரைட் சகோதரர் இருவரும் உயர்தரப் பள்ளிச் சான்றிதழ்கூட வாங்காதவர்கள். அவர்கள் விமானத்துக்கு யந்திரம் செய்தவர் அவர்கள் கடையில் வேலை செய்த சார்லி டெய்லர் என்கிற தொழிலாளி. ஆறே வாரத்தில் செய்து கொடுத்தார். கணக்குப் போட்ட கையே ரம்பமும் பிடித்தது. அதுதான் அங்கே நடந்த அதிசயம்.

ஒரு சிறு விமானம் செய்யப் புகுகிற பிள்ளைக்கு இந்தப் பிரிவினை செல்லாது. அவன் வர்க்கமூலம் போடவேண்டும், உப்புத்தாளும் தேய்க்கவேண்டும். ஈயப்பற்று வைக்கவேண்டும், காற்றின் திசையையும் பார்க்கவேண்டும். கணக்கு தப்பினாலும் விழும், கை தப்பினாலும் விழும். விழுந்தால், யாருடைய மகன் செய்தான் என்று தரை கேட்காது. நன்றாகச் செய்தால், இவன் எந்தத் தெருக்காரன் என்று காற்றும் கேட்காது. இந்த ஒரு நியாயத்தை நம் பிள்ளைகள் பத்து வயதிலேயே கண்ணால் கண்டுவிட்டால், பிறகு பிறப்பினால் மூளை வருகிறதென்று எவன் வந்து சொன்னாலும் நம்பமாட்டார்கள். அதற்காகவே இதை விளையாட்டென்று தள்ளக்கூடாதென்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மாவைக் கையில் எடுத்து அளவு சொல்லுகிறவளுக்கு எடை தெரியாதா? துணியை வெட்டி உடலுக்குப் பொருத்தத் தெரிந்தவளுக்கு இறக்கைக்கு உறை போடத் தெரியாதா? கத்தரிக்கோலைக் கொடுத்தவர்கள் தராசையும் கொடுத்துப் பார்க்கட்டும்.

செலவு என்கிறீர்களா? மோட்டாரும் பாட்டரியும் ரேடியோவும் ஏழைக்குச் சுலபமல்ல என்பது மெய்தான். ஆனால் ஒருவன் வாங்கவேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்த ஒரு வாசகசாலை ஒரு ரேடியோ பெட்டி வாங்கினால், அது பத்து விமானத்துக்கு உதவும். உடலுக்குத் தெர்மாகோல் அட்டையே போதும். அதற்கும் முன்னால், ரேடியோவே இல்லாமல், கையால் எறிந்து மிதக்கவிடும் மாதிரியில் தொடங்கினால் செலவு ஒரு காப்பி காசுதான்.

செய்ய விரும்புவோருக்கு

செய்ய விரும்பும் தோழர்களுக்குச் சில வார்த்தை. முதல் மாதிரியை அழகுக்காகச் செய்யாதீர்கள். பழுது பார்க்கத் தக்கதாகச் செய்யுங்கள். இறக்கையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால், மோதும்போது அது கழன்று விழும், உடையாது. மோட்டாருக்கு, எடை கிலோவுக்கு 150 முதல் 200 வாட் பலம் போதும். விசிறி விளையாட்டுப் பொருளல்ல, விரலைத் துண்டாக்கும். பாட்டரியை இணைத்த நேரத்திலிருந்து அது எப்பொழுதும் சுழலுமென்றே நினைத்துக் கை வைக்காமலிருங்கள். லித்தியம் பாட்டரியைக் குத்தவோ, அளவுக்கு மேல் மின்சாரம் ஏற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். விமானம் நம்மை நோக்கி வரும்போது வலது இடதாகத் தோன்றும். அதற்குப் பழகும்வரை பழகினவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொருதரமும் பறக்கவிடுமுன் தூரத்தில் நின்று ரேடியோ எட்டுகிறதா, சுக்கான் சரியான பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். ஜனங்கள் நடமாடுமிடத்திலும், மின் கம்பிகளுக்கருகிலும், விமான நிலையத்துப் பக்கத்திலும் விடாதீர்கள். இந்தியாவில் இதற்கு 2021ஆம் வருஷத்திய டிரோன் விதிகள் இருக்கின்றன. எந்த இடத்தில் விடலாம், எந்த இடத்தில் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டே விடவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என்ன எடை, எங்கே சமன், காற்று எப்படி, என்ன ஆயிற்று என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள். விழுந்தால், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, முதலில் எது ஒடிந்தது என்று பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றைமட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால், எதனால் குணமாயிற்றென்று தெரியாமற்போகும்.

ஆகவே தோழர்களே, நாம் சொன்னதையும் அப்படியே நம்பவேண்டாம். நாளைக்கே ஒரு அட்டையை வெட்டி எறிந்து பாருங்கள். நாம் சொன்னபடி நடந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்; நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று தேடுங்கள். அப்படித் தேடுகிற பழக்கம் இந்த ஊரில் நாலு பிள்ளைகளுக்கு வந்தாலும், அடுத்த ஆண்டு விழாவில் பேசுவதற்கு ஆள் தேட வேண்டியிராது. தங்கள் விமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களே வந்து பேசுவார்கள். நாமும் உங்களோடு கீழே உட்கார்ந்து கேட்போம்.